பாவாயி கேட்டது

தையல் மெஷின் வந்து சேர்ந்த பிறகும் பாவாயி அதே சைகையைத்தான் செய்தாள்.

வலது கையைத் தூக்கிக் காற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு அதே கையை விரித்து நாச்சிமுத்துவின் பக்கம் நீட்டி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாச்சிமுத்து மெஷினைக் காட்டினார். அதன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். 'நீ கேட்டது இதோ வந்துவிட்டது' என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாவாயி மெஷினைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மறுபடியும் வட்டம், நெஞ்சு, நீட்டிய கை.

"ஏனுங்க சார், அவ என்ன கேக்கறான்னா..." என்று வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த செல்லியம்மாள் ஆரம்பித்தாள். பாவாயியின் அண்ணன் மனைவி.

"அம்மிணி, நீங்க சித்த சும்மா இருங்க. நான் அவங்களையே கேட்டுக்கறேன்."

செல்லியம்மாள் வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

நாச்சிமுத்துவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். உலகம் முழுக்க ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்த 1981-இல், சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கூடத்து மாடியில் புதிதாகத் தொடங்கிய மறுவாழ்வுச் சங்கத்தில் கள அலுவலராகச் சேர்ந்தார். ராசிபுரத்திலிருந்து எருமப்பட்டி வரை நாற்பத்து மூன்று பேர் அவர் பொறுப்பு. ஆளுக்கொரு கோப்பு. கோப்பில் 'தேவை' என்று ஒரு கட்டம், 'நடவடிக்கை' என்று ஒரு கட்டம். என்ன தேவை என்று கண்டுபிடித்து முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டாவதில் எழுத வேண்டும். மாதம் இரண்டு முறை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பஸ்ஸில் போய் வருவதற்கு அவருக்கு நேரம் நிறையவே இருந்தது.

வேலையில் சேர்ந்ததும் மெட்ராசில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் காது கேளாதவர்களுக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு பிற்பகல். அதிலும் பாதி நேரம் கரண்ட் இல்லை. தண்ணீர், சோறு, வலி, வணக்கம் என்று நான்கு சைகைகளோடு ஊர் திரும்பினார். ஆனால் இரண்டு விதிகளை நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

'பயனாளியின் தேவையைப் பயனாளியிடமே கேட்க வேண்டும். குடும்பத்தார் வாயைக் கேட்கக் கூடாது.'

'பயனாளி வீட்டில் எதையும் பெறக் கூடாது. தண்ணீர் உட்பட.'

இரண்டுமே நல்ல விதிகள். முதல் விதியின் அருமையை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ராசிபுரத்தில் கண் தெரியாத தங்கசாமியின் அப்பா, "அவனுக்கு என்னுங்க வேணும், மூணு வேளை சோறு போடறோம்" என்று முடித்துவிட்டார். தங்கசாமியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோது, கயிறு திரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இன்று ராசிபுரம் சந்தையில் மாடு கட்டும் கயிறு என்றால் தங்கசாமியிடம்தான் வாங்குகிறார்கள். அதிலிருந்து குடும்பத்தார் யாராவது வாயைத் திறந்தாலே நாச்சிமுத்துவின் கை தானாக மேலெழுந்து தடுக்கும்.

இரண்டாவது விதிக்காக ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் தயிர்சோறும் எடுத்துப் போனார். நாற்பத்து மூன்று வீட்டிலும் அவர் ஒரு வாய் மோர் குடித்ததில்லை. கொடுக்காமல் இல்லை, அவர் வாங்கியதில்லை.

பாவாயி வீடு எருமப்பட்டிக்கு இரண்டு மைல் முன்னால், பஸ் ரோட்டிலேயே இருந்தது. முப்பத்து நான்கு வயது. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. அண்ணன் ராசப்பனுக்கு இரண்டு ஏக்கர் வெங்காயமும் கடலையும். பாவாயியும் செல்லியம்மாளும் நாள் முழுக்கக் கையாலேயே பேசிக்கொள்வார்கள். சண்டையும் கையாலேயே போடுவார்கள். ஒருமுறை இருவரும் கையாலேயே ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்ததை நாச்சிமுத்து பார்த்திருக்கிறார். அதைக் கோப்பில் 'குடும்பத்தாரின் செல்வாக்கு உள்ளது' என்று குறித்துக்கொண்டார்.

முதன்முதலாகப் போன அன்று அவர் பாவாயிக்கு வணக்கம் சைகை செய்தார். அது ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக இருந்தது. பாவாயி பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வட்டம் போட்டாள், நெஞ்சில் கை வைத்தாள், கையை நீட்டினாள். சக்கரம், எனக்கு, கொடு. இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியுமா என்று நாச்சிமுத்துவுக்கு மகிழ்ச்சியாகப் போயிற்று. 'தேவை: தையல் இயந்திரம்.'

மெஷின் கொடுத்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவர் வந்தபோது அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது செல்லியம்மாள். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாவாயி அண்ணனின் வெங்காயக் காட்டிலிருந்து வந்து, அவர் முன்னால் நின்று வட்டம் போட்டாள்.

இதை அவர் உள்ளபடியே சங்கத்துச் செயலாளர் வெங்கடாசலத்திடம் சொன்னார். அதுதான் தப்பு.

"மெஷின் யாரு பேருல?" என்றார் செயலாளர்.

"பாவாயி பேருல."

"தைக்கிறது யாரு?"

"அண்ணன் பொண்டாட்டிங்க."

"அப்போ நாம அண்ணன் பொண்டாட்டிக்கு மறுவாழ்வு குடுத்திருக்கோம். அவங்களுக்கு என்ன ஊனம்?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். செல்லியம்மாளுக்கு ஓர் ஊனமும் இல்லை.

மெஷினைத் திரும்ப எடுக்கப் போன அன்று பதினோரு ஜாக்கெட்டுகள் பாதி வெட்டிப் பாதி தைத்து நின்றன. பக்கத்து வீட்டு மயிலம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி கல்யாணம்.

"எனக்கு ஒரு கைதானுங்க இருக்குது," என்றாள் மயிலம்மாள். "இன்னொரு கைக்கு நான் எங்க போவேன்?"

ஒரு கைதான் இருக்கிறது என்று கேட்டதும் நாச்சிமுத்துவின் விரல்கள் பழக்கத்தில் நோட்டைத் தேடின. அவள் ஒரு கை மட்டும் தைத்த ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. அந்தத் தெருவில் பதினோரு பெண்கள் செல்லியம்மாளோடு பேசுவதை நிறுத்தினார்கள். செல்லியம்மாள் மூன்று நாள் பாவாயியோடு கையை அசைக்காமல் இருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நாச்சிமுத்து வட்டத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தார். ராசிபுரத்தில் பஸ் நின்றபோது ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். பெரிய சக்கரம். கை முன்னால் நீண்டு, மேலே போய், கீழே வந்தது. அச்சாகப் பாவாயியின் வட்டம். நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். தையல் மெஷினின் சக்கரம் சின்னது. பாவாயி போட்டது எவ்வளவு பெரிய வட்டம்.

அடுத்த மாதம் ராட்டையைத் தோளில் சுமந்து பஸ் ஏறினார். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பாவாயி ராட்டையின் முன்னால் உட்கார்ந்து, அவர் காட்டியபடி ஒரு மணி நேரம் நூற்றாள். ஒழுங்கான நூல். வேலை என்று எதைக் கொடுத்தாலும் அவளுக்கு வரும். நூற்ற நூலைச் சிட்டமாகச் சுற்றி எழுந்து வந்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"நல்லா இருக்குது, நல்லா இருக்குது," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து அதை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். விதி.

அவள் சிட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரமாக வைத்தாள். வட்டம் போட்டாள்.

"சார், நான் சொல்லட்டுங்களா..." என்றாள் செல்லியம்மாள்.

"அம்மிணி."

செல்லியம்மாள் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்கிடையில் நாச்சிமுத்துவுக்குத் தெரியாமல் இன்னொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. தெரிந்தபோது அவர் செய்தது அதைவிட மோசம்.

அந்தப் பக்கத்தில் களை எடுப்பதில் பாவாயிக்கு ஈடு கிடையாது. பத்துப் பெண்கள் வரிசையாக இறங்கினால் முன்னால் போகும் வரிசையான முதல் சால் பாவாயிக்குத்தான். கூட்டத்தின் தலைவி மாரக்காள் அவளைத் தொட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினால் போதும், மற்றவர்கள் பாவாயியின் கை வேகத்துக்குத்தான் ஓட வேண்டும். வேலை முடிந்து பத்துப் பேரும் வரப்பில் உட்கார்ந்து சோறு தின்பார்கள். பாவாயிக்கு அங்கே ஓர் இடம் இருந்தது.

புதன்கிழமை ஆபீசர் வருகிறார் என்று ராசப்பன் தங்கையை வீட்டில் நிறுத்திவிடுவார். மாதம் இரண்டு நாள் முதல் சாலுக்கு ஆள் இல்லை. மாரக்காள் முதலில் முணுமுணுத்தாள், பிறகு உரக்கச் சொன்னாள்.

"புதங்கெழமைன்னா மாரக்கா நெம்பச் சங்கடப்படறாங்க சார்," என்று ராசப்பன் தலையைச் சொறிந்தார்.

"அவ்வளவுதானே, வெள்ளிக்கிழமை வாரேன்," என்றார் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமையும் களை இருந்தது. அவர் திங்கட்கிழமைக்கு மாற்றினார். அதற்கும் முகம் சுளித்தார்கள். ஒரே நாளையே கெடுக்க வேண்டாமே என்று, முறை வைத்து ஒவ்வொரு தடவையும் ஒரு நாளாக வரலானார். அதற்குப் பிறகு அவர் எந்த நாள் வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. ராசப்பன் பாவாயியை எல்லா நாளும் வீட்டில் நிறுத்தினார். மாரக்காள் முதல் சாலை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள்.

நாச்சிமுத்து கோப்பில் எழுதினார்: 'பயனாளி தற்போது வேலையின்றி உள்ளார். தேவை அதிகரித்துள்ளது.'

எழுதும்போது அவருக்கு வருத்தமாகவே இருந்தது. வேலை இழந்தவர் படும் பாடு அவருக்குத் தெரியும். மில் மூடியபோது நான்கு மாதம் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தவர். பாவாயிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் அன்றுதான் வந்தது. நாற்பத்து மூன்று பேரில் அவர் தூங்கப் போகும்போது நினைத்துக்கொண்டது பாவாயியைத்தான்.

மூன்றாவதாக வந்தது தள்ளுவண்டி. சக்கரம் என்றால் வண்டி. சின்னக் குழந்தைகூட அப்படித்தான் சைகை காட்டும். வெங்காயம் வீட்டிலேயே விளைகிறது, பஸ் நிற்கும் இடத்தில் வைத்து விற்கலாம். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

"ரோட்டுல போறப்ப பின்னால லாரி ஆரன் அடிச்சா அவளுக்குக் கேக்காதுங்களே," என்றார் ராசப்பன்.

அது நியாயமான கேள்வி. நாச்சிமுத்து நாமக்கல்லில் ஒரு பெயிண்டரைப் பிடித்து வண்டியின் பின்னால் தொங்கவிட ஒரு பலகை எழுதி வாங்கினார். 'இந்த வண்டியைத் தள்ளிச் செல்பவருக்குக் காது கேளாது. ஆகவே ஒலி எழுப்பிப் பயனில்லை. பின்னால் வருவோர் நிதானமாக வரவும். இப்படிக்கு, மறுவாழ்வுச் சங்கம், அம்மாபேட்டை, சேலம்.' பலகை சிறியது, வாசகம் பெரியது. பெயிண்டர் எழுத்தைக் குறுக்கி எழுதிவிட்டார்.

எருமப்பட்டி ரோட்டில் போன லாரிக்காரர்கள் என்னவோ எழுதியிருக்கிறதே என்று வண்டிக்குப் பின்னால் நிறுத்திப் படித்தார்கள். படித்து முடிக்க நேரமானது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏன் நிற்கிறது என்று ஆரன் அடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கரும்பு லாரி நிற்க, பின்னால் வந்த தவிட்டு லாரி அதன் மேல் உரச, இரண்டு டிரைவர்களும் இறங்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நடந்தது எதுவும் தெரியாமல் பாவாயி வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்தாள். அவளைத் தேடிக்கொண்டு இரண்டு டிரைவர்கள், ஒரு கிளீனர், ஒரு போலீஸ்காரர் வந்து சேர்ந்தார்கள்.

ராசப்பன் அன்றோடு வண்டியை வாங்கிக் கடலைக்கொடி ஏற்றிவரப் போட்டுக்கொண்டார். பலகை கோழிக்கூண்டுக்குக் கதவாயிற்று.

"சார், போதுமுங்க," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

ஆனால் நாச்சிமுத்து கிளம்பும்போது பாவாயி ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வந்து நின்றது. அவள் பஸ்ஸைக் காட்டினாள். பிறகு வட்டம், நெஞ்சு, நீட்டிய கை.

நாச்சிமுத்து ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறறீங்களா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

பஸ் சக்கரம். மூன்று வருடமாக அவள் கேட்டது மெஷினும் இல்லை, ராட்டையும் இல்லை, வண்டியும் இல்லை. பஸ், என்னை, கூட்டிக்கொண்டு போ. இந்த வீட்டிலிருந்து என்னை எங்காவது கூட்டிக்கொண்டு போ.

சேலத்தில் காது கேளாத பெண்களுக்கென்று ஒரு பயிற்சி இல்லம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். கூடை பின்னுவது, மெழுகுவத்தி ஊற்றுவது. நாச்சிமுத்து நான்கு முறை நடையாய் நடந்து ஓர் இடம் வாங்கினார். வெங்கடாசலமே எழுந்து கைகொடுத்தார்.

"அவ போறேங்கறாளுங்களா?" என்று ராசப்பன் கேட்டார்.

"அவங்களே கேட்டதுங்க. இத்தனை நாள் நமக்குத்தான் புரியல."

செல்லியம்மாள் எழுந்தே வந்துவிட்டாள். "இல்லீங்க சார், அவ அப்படிக் கேக்கலீங்க. அவ கேக்கறது வேறீங்க, இவரு..."

"அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது. "வேலை செய்யற ஆளு போயிருமேங்கற கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா அவங்களுக்கும் ஒரு ஆசை இருக்குமில்லீங்களா."

செல்லியம்மாளின் முகம் சுருங்கியது. உள்ளே போனாள். அந்த முகத்தைப் பிற்பாடு நாச்சிமுத்து பல நாள் நினைத்துக்கொண்டார்.

கிளம்பும் நாளில் பாவாயி விடியும்போதே தயாராக நின்றாள். அரக்குக் கரை போட்ட நல்ல சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கொஞ்சம் கனகாம்பரம். கையில் ஒரு துணிப்பை. அதில் வறுத்த கடலைக்காயும் ஒரு சீப்பு வாழைப்பழமும். இல்லத்தில் சாப்பாடெல்லாம் உண்டு என்று நாச்சிமுத்து சோறு சைகை செய்து காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவள் சந்தோஷமாகவே வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்து, ராசிபுரத்தில் கோயில் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நடுவில் ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்து, வீட்டில் விருந்தாளியைப் பார்ப்பதுபோலச் சிரித்தாள். இந்த வேலைக்கு வந்ததற்கு இந்த ஒரு நாள் போதும் என்று நாச்சிமுத்துவுக்குப் பட்டது.

இல்லத்தில் பொறுப்பாளர் சென்னியம்மாள் ஒவ்வோர் அறையாகக் காட்டினார். பாவாயி ஒவ்வோர் அறையிலும் யாரையோ தேடுவதுபோல எட்டிப் பார்த்தாள். அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாள். அங்கே சமைத்துக்கொண்டிருந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாச்சிமுத்துவிடம் வந்து வட்டம் போட்டு, நெஞ்சில் கை வைத்து, கையை நீட்டினாள். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். வணக்கம் சைகை செய்துவிட்டு வெளியே வந்தார்.

ஒன்பதாம் நாள் சென்னியம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. நாச்சிமுத்து ஓடினார்.

"ஒரு வேலையும் தொடலைங்க," என்றார் சென்னியம்மாள். "ஒரு வாய் சோத்துக்கு மேல இறங்கல. அந்தப் பையை மடியில வெச்சுட்டு கேட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்குது. ஆம்பளை யாராச்சும் உள்ள வந்தா எந்திரிச்சு நிக்குது. பாத்துட்டு உக்காந்துக்குது. பையைக் குடுன்னாலும் குடுக்க மாட்டேங்குது. பழமெல்லாம் கறுத்துப்போச்சுங்க."

பாவாயி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழவில்லை. அரக்குக் கரைச் சேலை கசங்கியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டும்வரை அவள் அசையவில்லை. பிறகு மடியிலிருந்த பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பழத்தை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, கடலைக்காய் மட்டும் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு வாங்கிக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நாற்பத்து மூன்று வீட்டில் மூன்று வருடமாகக் காப்பாற்றிய விதி. "வேண்டாம் அம்மிணி, நீங்களே வெச்சுக்குங்க," என்று அவளுக்குக் கேட்காத வார்த்தையைச் சொல்லிக்கொண்டே பையை அவள் மடியில் திருப்பி வைத்தார்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு வந்து இறங்கும்வரை இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் போனபோதெல்லாம் பாவாயி வணக்கம் மட்டும் சொன்னாள். வட்டம் போடவில்லை. நாச்சிமுத்து கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். அவராகவே வட்டம் போட்டுக் காட்டினார் ஒருமுறை. அவள் பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசல் கூட்டப் போனாள். நான்கு மாதம் இப்படிப் போயிற்று. கேட்டபோது கொடுக்கத் தெரியவில்லை, இப்போது கேட்கவும் ஆள் இல்லை என்று அவருக்கு மனம் பாரமாகிக்கொண்டே வந்தது.

1985 பங்குனியில் சங்கத்துக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. எல்லாக் கோப்புகளையும் முடித்துக் கொடுக்கச் சொன்னார் வெங்கடாசலம். தேவை நிறைவேறியது என்று எழுதி, பயனாளியிடம் கைநாட்டு வாங்க வேண்டும். நாற்பத்து இரண்டு கோப்புகளை நாச்சிமுத்து முடித்தார். பாவாயி கோப்பைக் கடைசியாக வைத்தார்.

அவர் போனபோது பாவாயி வீட்டில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெங்காயக் காட்டில் பத்துப் பெண்கள் குனிந்திருந்தார்கள். முதல் சாலில் அரையடி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் பாவாயி. மாரக்காளிடம் செல்லியம்மாள் போய் நின்று கேட்டு வாங்கிய இடம் என்று ராசப்பன் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.

செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். இந்த நான்கு வருடத்தில் அவர் முன்னால் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிவிட்டிருந்தாள்.

நாச்சிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். 'தேவை' கட்டத்தில் தையல் இயந்திரம், ராட்டை, தள்ளுவண்டி, இல்லம் என்று எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தது. அடியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

"அம்மிணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றார்.

செல்லியம்மாள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார்.

"இன்னைக்கோட எனக்கு இந்த வேலை முடிஞ்சுதுங்க. இனி வரமாட்டேன்," என்றார். "உங்களைத்தான் கேக்கோணும். முதல்லயே கேட்டிருக்கோணும். பாவாயி என்னைக் கேட்டுட்டே இருந்துதே, அது என்னதுங்க?"

"உங்களுக்குப் புரியலீங்களா?" செல்லியம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நீங்க மெட்ராசுல சைகை படிச்சவருன்னு சொன்னாங்க. புரிஞ்சும் பதில் சொல்லாம இருக்கீங்கன்னுதானுங்க நாங்க நெனச்சோம்."

"புரியலீங்க."

"வட்டம்னா பஸ்ஸுங்க. பஸ்ஸுல வாரவரு, அது நீங்க. நெஞ்சுல கை வெச்சா நம்ம ஊட்டு ஆளுன்னு அர்த்தமுங்க. கையை விரிச்சா, என்னன்னு கேக்கறது." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "எங்களையும் போட்டுப் புடுங்குவாளுங்க, சொல்லு சொல்லுன்னு. எங்களுக்கே தெரிஞ்சாத்தானுங்களே சொல்றதுக்கு."

"என்னன்னு கேட்டாங்க?"

"'மாசம் ரெண்டு வாட்டி பஸ்ஸேறி நம்மளைப் பாக்க வாராரே, இவரு நமக்கு என்ன முறை வேணும்'னு கேட்டாளுங்க."